துணிப் பொம்மையும் தோழமையும்: வாசகர் கேள்வி பதில்

திருப்பூரில் எங்கள் தெருவில் சனிக்கிழமைதோறும் கூடும் துணிப் பொம்மைக் குழுவைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய ஆறு கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கும்பகோணத்திலிருந்து வந்த கடிதத்துக்கு மட்டும் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருந்தது.

கேள்வி: எனக்கு 61 வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பக்கத்துத் தெருவில் ஏழெட்டுப் பெண்கள் கூடித் துணிப் பொம்மை செய்கிறார்கள். போக வேண்டும் என்று ஆசை. ஆனால் எனக்குப் பொத்தான் தைப்பதைத் தவிர எதுவும் தெரியாது. வீட்டிலோ, "இந்த வயதில் பொம்மையா?" என்று சிரிக்கிறார்கள். (வாசகி, காரைக்குடி)

பதில்: தயங்காமல் போங்கள் அம்மா. எங்கள் குழுவில் இருக்கும் பதினொரு பேரில், சேரும்போது தையல் மெஷினைத் தொட்டுப் பழகியிருந்தவர்கள் நான்கே பேர். பொம்மை வேலையில் பாதிக்குமேல் தைப்பதே இல்லை. பஞ்சைப் பிரித்துப் பூப்போல ஆக்க வேண்டும். தைத்த கை கால்களை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்ட வேண்டும். பிறகு பஞ்சு அடைக்க வேண்டும். இவற்றுக்குப் பொறுமைதான் வேண்டும், அது உங்கள் வயதில் எங்களைவிட அதிகமாகவே இருக்கும்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா இப்படித்தான் ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு வந்தார். இன்று எங்கள் பொம்மைகள் அத்தனைக்கும் கழுத்து அடைப்பவர் அவர்தான். கழுத்தில் பஞ்சு குறைந்தால் ஒரே வாரத்தில் தலை சாய்ந்துவிடும் என்பது பொம்மை செய்தவர்களுக்குத் தெரியும். அவர் பின்னல் ஊசியின் மழுங்கிய முனையால் முதலில் தலையை இறுக்கமாக நிரப்புவார். பிறகு விரல் நீளத்துக்கு ஒரு பஞ்சுத் திரியை உருட்டி, அதன் பாதி தலைக்குள்ளும் பாதி மார்புக்குள்ளும் நிற்கும்படி செருகுவார். அதைச் சுற்றித்தான் மீதிப் பஞ்சை வைப்பார். அவர் அடைத்த கழுத்து சாய்ந்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரில் கிடைத்த துணிப் பொம்மை ஒன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமானியர் ஆட்சிக் காலத்தில், முரட்டு லினன் துணியில் தைத்து, உள்ளே கந்தலும் பாப்பிரஸ் என்ற நாணல் தாளின் துண்டுகளும் திணித்துச் செய்தது அது. அதன் தலையில் சின்னஞ்சிறு நீலக் கண்ணாடி மணி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலையலங்காரமாக இருக்க வேண்டும். வீட்டில் மிஞ்சியதைத் திணித்துவிட்டு, தலைக்கு மட்டும் ஒரு மணியைத் தேடி வைத்த அந்தக் கை ஒரு பெரியவருடைய கையாகத்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். நம் நாட்டிலும் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-ஆம் ஆண்டில் டெல்லியில் பொம்மைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார். அங்குள்ள பொம்மைகளைச் செய்தவர்கள் குழந்தைகள் அல்லர்.

கேள்வி: நான் செய்த பொம்மைகள் ஒருமுறை துவைத்ததும் சுருங்கி, உள்ளே கட்டி கட்டியாகிவிடுகின்றன. எந்தத் துணி, எந்தப் பஞ்சு நல்லது? (வாசகி, விருதுநகர்)

பதில்: நீங்கள் துணியை நனைக்காமல் வெட்டியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. காடா துணியானாலும் ப்ளவுஸ் பிட்டானாலும், வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து அலசி உலர்த்திவிட வேண்டும். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். சாயம் போகும் துணி எது என்பதும் வாளித் தண்ணீரிலேயே தெரிந்துவிடும்.

பஞ்சைப் பொறுத்தவரை, துவைக்க வேண்டிய பொம்மைக்கு இலவம் பஞ்சு வேண்டாம். தலையணைக்கு அதைப் போல இதமானது இல்லை. எங்கள் வீட்டுத் தலையணைகள் எல்லாம் போடியிலிருந்து வந்த இலவம் பஞ்சில் அடைத்தவைதான். ஆனால் அதன் இழை வழுவழுப்பானது, நனைந்தால் திரண்டுகொள்ளும், உலர வெகுநேரம் ஆகும். ரெக்ரான் என்ற பாலியெஸ்டர் பஞ்சு சீக்கிரம் உலரும். அதையும் பொட்டலத்திலிருந்து எடுத்தபடியே திணிக்காமல், கையால் பிரித்து, நெல்லிக்காய் அளவுக்குச் சிறிது சிறிதாக, விரல் நுனி, பாதம் போன்ற கடைசி முனையிலிருந்து தொடங்கி அடையுங்கள். கட்டி விழுவது பெரும்பாலும் ஒரே தடவையில் பெரிய உருண்டையைத் தள்ளுவதால்தான்.

பனியன் துணியில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைப்பதால் நாங்கள் அதில்தான் அதிகம் செய்கிறோம். அந்தத் துணி குறுக்குவாட்டில் நன்றாக இழுபடும், நெடுக்குவாட்டில் குறைவாகவே இழுபடும். இழுபடும் பக்கம் பொம்மையின் அகலத்தில் வந்தால் பொம்மை கொழுகொழுவென்று இருக்கும், நீளத்தில் வந்தால் ஒடிசலாக நீண்டுவிடும். எப்படி வேண்டுமானாலும் வெட்டுங்கள். ஆனால் இரண்டு கைகளையும் ஒரே வாட்டத்தில் வெட்டுங்கள். மிச்சத் துண்டில் அடங்குகிறதே என்று ஒரு கையை மட்டும் திருப்பி வெட்டி, பஞ்சு அடைத்த பிறகு ஒரு கை முழங்காலைத் தொட்ட பொம்மை எங்கள் அலமாரியில் இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறோம்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒன்பது பேர். நால்வர் பள்ளிக்காலத் தோழிகள். எங்களில் மிக நன்றாகத் தைப்பவர், இன்னொருவர் செய்து வைத்திருந்த பொம்மையின் முகம் கோணலாக இருக்கிறது என்று, அவர் இல்லாத நேரத்தில் பிரித்துத் திரும்பத் தைத்துவிட்டார். உதவி செய்ததாகவே அவர் நம்புகிறார். பொம்மையைச் செய்தவரோ மூன்று வாரமாக வரவில்லை; கேட்டால் வீட்டில் வேலை என்கிறார். இருவரும் எங்களுக்கு வேண்டியவர்கள். என்ன செய்வது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன், ஏனென்றால் இதே தவற்றை நான் செய்திருக்கிறேன்.

எங்கள் குழு தொடங்கிய இரண்டாவது ஆண்டில், என்னைவிடப் பத்து வயது இளையவரான ஒரு தோழி, வெள்ளை மல் துணியில் பொம்மை செய்து, கறுப்பு எம்பிராய்டரி நூலால் கண் தைத்திருந்தார். இடக்கண் சற்று இறங்கியிருந்தது. அவர் அடுப்படியில் எல்லோருக்கும் தேநீர் போட்டுக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் நான் அந்தக் கண்ணைப் பிரித்து, உயர்த்தித் தைத்துவிட்டேன். கண் நேராகத்தான் வந்தது. ஆனால் பிரித்த இடத்தில் பழைய ஊசித் துளைகள் அப்படியே நின்றன. நகத்தால் நீவிப் பார்த்தும் மறையவில்லை. புதிய கண்ணுக்குக் கீழே பழைய கண் இருந்த இடம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. தேநீர்த் தட்டோடு வந்தவர் பொம்மையைப் பார்த்தார், "நல்லா இருக்குக்கா" என்றார், முகம் உள்பக்கமாக இருக்கும்படி அதைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

கையையோ காலையோ பிரித்திருந்தால் அவர் வருந்தியிருக்க மாட்டார். ஒரே பேட்டர்னில் பதினொரு பேர் வெட்டினாலும், பதினொரு பொம்மைகளையும் வரிசையாக வைத்தால் எது யாருடையது என்பதை முகம்தான் சொல்கிறது. உடலைத் துணி தீர்மானிக்கிறது, முகத்தைச் செய்தவர் தீர்மானிக்கிறார். அதைப் பிரித்தால் செய்தவரையே அதிலிருந்து எடுத்துவிட்டதாகத்தான் ஆகும்.

இரண்டு வாரம் கழித்து நான் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதைப் பற்றி வழியெல்லாம் யோசித்தேன். ஆனால் கையில் நான் செய்த, இன்னும் முகம் தைக்காத ஒரு பொம்மையையும் எடுத்துப் போயிருந்தேன். "செய்தது தவறு. இதற்கு நீ கண் தைத்துக் கொடுப்பாயா?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஊசியை எடுத்தார். அந்தப் பொம்மையின் கண்கள் சற்று அகன்றிருக்கின்றன. எங்கள் வீட்டுக்கூடத்தில் அது இன்றும் இருக்கிறது.

ஆகையால், மூன்று வாரமாக வராதவரை வரச்சொல்லி மற்றவர்கள் கூப்பிட வேண்டாம். பிரித்தவர் தனியாகப் போகட்டும். "நல்லதற்குத்தான் செய்தேன்" என்ற வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருப்பது நல்லது. அது உண்மையாகவே இருந்தாலும், கேட்பவருக்கு மறுபடியும் அந்தக் கண்ணைப் பிரிப்பதுபோல இருக்கும். தன் பொம்மை ஒன்றை அவர் கையில் கொடுத்து வேலை கேட்கட்டும். நன்றாகத் தைப்பவரிடம் எல்லோரும் உதவி கேட்பார்கள், அவர் யாரிடமும் கேட்பதில்லை. குழுக்களில் மனக்கசப்பு தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பது என் அனுபவம்.

இனி இது நேராமலிருக்க நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. கண்ணுக்கு நூல் கோப்பதற்கு முன், கறுப்புத் தலையுள்ள இரண்டு குண்டூசிகளைக் கண் இருக்க வேண்டிய இடத்தில் குத்தி, பொம்மையை மேசையின் நடுவில் வைத்துவிடுவோம். தலையின் உயரத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே கண் வந்தால் குழந்தை முகம், மேலே ஏறினால் வயது கூடும். இரண்டுக்கும் இடைவெளி குறைந்தால் முகம் கடுகடுப்பாகிவிடும். குண்டூசி நிற்கும்வரை யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம், ஊசியை நகர்த்திக் காட்டலாம், சிரிக்கலாம். அந்த நேரத்தில் சொல்லும் குறை யாரையும் சுடுவதில்லை, ஏனென்றால் குண்டூசி துணியில் தடம் விடுவதில்லை. செய்தவர் நூலைக் கோத்துவிட்டாரானால் பேச்சு முடிந்தது. அதன்பின் அந்த முகம் அவருடையது, கோணலாக வந்தாலும்.

கேள்வி: நவராத்திரிக் கொலுவுக்குத் துணிப் பொம்மை கேட்கிறார்கள். செய்து விற்கலாமா? பணம் வந்தால் நட்பு போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். (வாசகி, திருச்சி)

பதில்: பணம் வருவதால் நட்பு போவதில்லை, பங்கு பேசாமல் வேலையைத் தொடங்குவதால் போகிறது. முன்பணம் வாங்காமல் ஒரு கடைக்கு நாற்பது பொம்மைகள் செய்து கொடுத்துவிட்டு, தைத்தவருக்கு எவ்வளவு, அடைத்தவருக்கு எவ்வளவு என்று பிறகு உட்கார்ந்து பேசியபோது எங்களுக்குள் வந்த வருத்தம் ஆறு மாதம் நீடித்தது. இப்போது துணி, பஞ்சு, நூல் செலவை முதலில் கழித்துவிட்டு, மீதியை வேலை செய்த மணி நேரத்தின்படி பிரிக்கிறோம். நோட்டில் அவரவர் கையாலேயே நேரத்தை எழுதுகிறார்கள். கொலு வேலையை ஆடியிலேயே தொடங்குங்கள். புரட்டாசியில் ஒப்புக்கொண்டால் தூக்கம் போய்விடும்.

விற்காமலும் ஒரு வழி உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உள்ள உபாசனா வடிவமைப்பு நிலையத்தார், சுற்றியிருந்த மீனவக் கிராமப் பெண்களுக்கு வெட்டுத்துணியில் கட்டைவிரல் அளவுப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். கடலைப் பார்க்கவே அஞ்சியிருந்த பெண்கள் சேர்ந்து உட்கார அது ஒரு காரணமாயிற்று. சுனாமிகா என்று பெயர் பெற்ற அந்தப் பொம்மைக்கு விலை வைக்கவில்லை. அன்பளிப்பாகவே கொடுத்தார்கள், நன்கொடையிலிருந்து பெண்களுக்கு ஊதியம் கிடைத்தது. உங்கள் குழுவும் பத்துப் பொம்மை விற்றால் ஒன்றை யாருக்காவது சும்மா கொடுக்கலாம்.

கேள்வி: நான் நாற்பது ஆண்டு தையற்கடை வைத்திருந்தவன். இப்போது கடை இல்லை. ஆண்கள் இந்தக் குழுக்களில் சேரலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஐயா, நீங்கள் எங்கள் ஊரில் இருந்திருந்தால் நானே வந்து அழைத்திருப்பேன். வளைவான இடங்களில் தையலுக்கு வெளியே உள்ள துணியில் சிறு சிறு வெட்டுகள் கொடுத்தால்தான், புரட்டும்போது கன்னம் சுருங்காமல் உருண்டையாக வரும் என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே ஒரு வயதான தையல்காரர்தான். நீங்களாகவே போய், வெட்டித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: என் தோழிக்குப் பேரன் பிறந்திருக்கிறான். குழுவாகச் சேர்ந்து ஒரு பொம்மை செய்து கொடுக்க நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகி, சேலம்)

பதில்: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பொத்தான் கண், மணி, கிலுகிலுப்பு, நீண்ட நாடா எதுவும் கூடாது, வாய்க்குள் போனால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், நாடா கழுத்தில் சுற்றிக்கொள்ளும். கண், மூக்கு, வாய் எல்லாம் நூல் தையலாகவே இருக்கட்டும். தலைமுடிக்குக் கம்பளி நூலைத் தொங்கவிடாமல், துணியாலேயே தொப்பி தைத்துவிடுங்கள். மெஷின் தையல் போட்ட பிறகும் கை கால் சேரும் இடங்களில் ஒரு சுற்றுப் பின்தையல் போட்டு, இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். தூங்கும் குழந்தையின் பக்கத்தில், முதல் ஓராண்டுக்குப் பொம்மையே வைக்க வேண்டாம் என்று தாயிடமும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்: ஊசிகளையும் குண்டூசிகளையும் எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள். பலர் சேர்ந்து செய்யும்போதுதான் ஊசி தவறும், ஒவ்வொருவரும் அது அடுத்தவரிடம் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். ஒரு சனிக்கிழமை எங்களுக்குப் பன்னிரண்டில் ஒன்று குறைந்தது. பாயை உதறினோம், புடவை மடிப்புகளைப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அன்று அடைத்திருந்த ஏழு பொம்மைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். இருட்டிவிட்டது, இருந்தாலும் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஆறாவது பொம்மையின் நெற்றிக்குள், பஞ்சுக்கு நடுவில் ஊசி படுத்திருந்தது. அடைத்தவர் அழுதுவிட்டார். மற்ற பத்துப் பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பஞ்சை எடுத்துக்கொண்டு, பிரித்த பொம்மைகளை அன்றிரவே திரும்ப அடைத்து முடித்தோம்.