சீமெந்துத் தரையும் சிந்துநடையும்

நவீன நடனம் கற்பிக்கத் தொடங்கி இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. வகுப்பு முடிந்ததும் படலையில் மறித்துக் கேள்வி கேட்பவர்கள் கூடிவிட்டதால், துண்டில் எழுதி பிஸ்கற் பேணிக்குள் போடச் சொன்னேன். இரண்டு கிழமையில் பேணி நிரம்பிவிட்டது.

கொக்குவில் மாணவி: ரீச்சர், நவீன நடனத்துக்கு வந்தால் பரதத்தை மறந்துவிட வேண்டுமா?

வேண்டாம் பிள்ளை. சென்னையில் நவீன நடனங்களை அமைத்த சந்திரலேகா காஞ்சிபுரம் எல்லப்பாப் பிள்ளையிடம் பரதம் கற்றவர். 1985 இல் அவர் மேடையேற்றிய ‘அங்கிகா’வில் பரதம், களரிப்பயற்று, யோகம் மூன்றும் சேர்ந்து நின்றன. சாமி கதைகளையும் நாயகியின் விரகத்தையும் விலக்கினார், முழங்கால்களை வெளிப்பக்கமாக மடித்து நிற்கும் அரைமண்டியை விலக்கவில்லை. நீ மறக்க வேண்டியது ஒன்றுதான்: முதுகை எந்நேரமும் தடிபோல் வைத்திருக்கும் பழக்கம். 1926 இல் நியூயோர்க்கில் குழு தொடங்கிய நவீன நடன முன்னோடி மார்த்தா கிரகாமின் முறைக்கு மூச்சுத்தான் வேர். மூச்சை விடும்போது அடிவயிறு உட்சென்று முதுகு வளையும், இழுக்கும்போது விரியும். பரதத்தில் நன்றாகத் தேறிய ஒரு பிள்ளையின் விலாவில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு தோளில் ஏறி இறங்கியதே தவிர விலாவில் அசைவே இல்லை. பாயில் கிடத்திப் பழக்கியதில் ஐந்தாம் கிழமைதான் என் கைக்குக் கீழே விலா விரிந்தது.

உரும்பிராய்: வீட்டு விறாந்தையில் பயிலலாமா?

சீமெந்துத் தரை என்றால் குதிக்காதீர்கள். அது இம்மியும் இணங்காது. நீங்கள் இறங்கும் வேகம் முழுவதும் கணுக்காலுக்கும் முழங்காலுக்குமே திரும்பும். எங்கள் கூடத்தில் மரச்சட்டங்களை அடுக்கி, இடையில் காற்றுவிட்டு, மேலே பலகை அடித்திருக்கிறோம். அதற்குச் செலவான காசில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம்.

சுன்னாகம், ஒரு தாய்: மகளுக்கு இதில் சான்றிதழ் கிடைக்குமா?

என்னிடம் கிடைக்காது. வட இலங்கை சங்கீத சபையின் பரதப் பரீட்சைகளை அவர் தொடரட்டும். பட்டம் வேண்டுமென்றால் மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசை, நடனத் துறைகள் இருக்கின்றன.

மானிப்பாய்: இதை வைத்து உழைக்க முடியுமா?

வகுப்பால் முடியும், மேடையால் முடியாது. நாற்பது நிமிடப் படைப்புக்கு ஐந்து மாத ஒத்திகை. ஆடுவது இரண்டு நாள். போன வருடம் மண்டப வாடகையும் ஒளியமைப்பும் போக எனக்கு மிஞ்சியது பஸ் காசு.

வட்டுக்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: காத்தவராயன் கூத்தின் ஆட்டத்தை உங்கள் மேடைக்கு இழுத்துவந்து கெடுக்கிறீர்கள்.

ஐயா, பேராசிரியர் வித்தியானந்தன் 1965 இல் பேராதனையில் ‘இராவணேசன்’ கூத்தை மேடையேற்றினார். மௌனகுரு இராவணனாக ஆடினார். வட்டக்களரியில், சுற்றிவர ஆட்கள் இருந்து விடியவிடியப் பார்க்கும் கலை சில மணி நேரமாகச் சுருங்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு வந்தது. அதுவும் கெடுத்ததுதானா? இன்று அதையே மரபு என்று மேற்கோள் காட்டுகிறோம்.

அச்சுவேலி: கலியாண வீட்டுக்குப் பத்து நிமிட நடனம் அமைத்துத் தருவீர்களா?

இல்லை.

அதே வட்டுக்கோட்டை ஐயா: வித்தியானந்தன் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை அருகில் வைத்துக்கொண்டு செய்தார். நீங்கள் யாரை வைத்திருந்தீர்கள்?

சரியான இடத்தில் அடித்துவிட்டீர்கள். முதல் வருடம் ஒளிப்பதிவைப் பார்த்துத்தான் பழகினோம். அடி சரியாக இருந்தது, ஆனால் ஆட்டத்தில் ஏதோ பொய் இருந்தது. பிறகு ஓர் அண்ணாவியார் ஒத்திகைக்கு வந்தார். பதிவுசெய்த பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, “வாயைத் திறந்து பாடிக்கொண்டு ஆடு பிள்ளை” என்றார். பாடியபடி ஆடியதும் மூச்சு போதவில்லை. அகலமாக எறிந்த கால்கள் தாமாகக் குறுகின, முழங்கால் தளர்ந்தது, காத்தவராயன் கூத்துக்கு உரிய சிந்து நடையின் அசைவு இடுப்புக்கு வந்துவிட்டது. கூத்தன் சிறிய அடி வைப்பது பாட்டுக்கு மூச்சு மிச்சம் பிடிக்கத்தான் என்று அன்றுதான் விளங்கியது. கிரகாமைப் படித்து வந்த எனக்கு இதை ஒரு முதியவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. இப்போது எங்கள் ஆட்டக்காரர் பாடாமல் அந்தப் பகுதியை ஆடுவதில்லை.

நல்லூர்: சீமெந்துக்கு மேலே கார்ப்பெட் விரித்தால்?

அதுவும் சீமெந்துதான். கூடவே கால் தடக்கும்.

சாவகச்சேரி: முப்பத்தாறு வயதில் தொடங்கலாமா?

தாராளமாக. குதிப்பதை மட்டும் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

கோண்டாவில்: மாபிள் பதித்த தரை பரவாயில்லையா, ரீச்சர்?

மாபிளுக்குக் கீழே என்ன இருக்கிறது தம்பி?

வட்டுக்கோட்டை ஐயா, மூன்றாம் துண்டு: சனிக்கிழமை ஒத்திகையை வந்து பார்த்தேன். அடி இப்போது பரவாயில்லை. காத்தவராயனுக்குக் கறுப்புக் காற்சட்டையா?

உடுப்புக்கு வேறு பேணி வைக்கிறேன், ஐயா.