பால் பொருட்களை விட்டுச் சோயாவுக்கு மாறலாமா?

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, இரத்தத்தில் கொழுப்பும் கூடியிருக்கிறது, தைராய்டு மாத்திரையும் போட்டுக்கொள்கிறேன், இந்த நிலையில் பால், தயிர், பனீர் அனைத்தையும் நிறுத்திவிட்டுச் சோயாவுக்கு மாறலாமா, வீட்டிலுள்ள ஆண்களுக்கு அதனால் கெடுதல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம். ஆனால் நீங்கள் சொல்லியிருக்கும் காரணங்களுக்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம் வீடுகளில் பால் காபிக்கும், தயிராகிச் சோற்றுக்கும், நெய்யாகித் தாளிப்புக்கும் போகிறது. இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே முடிவு செய்ய வேண்டும். எனக்கும் பால் ஒத்துக்கொள்ளாது என்பதால் காபிக்கும் கஞ்சிக்கும் சோயாப் பானம், சாப்பாட்டுக்கு வழக்கமான தயிர் என்றுதான் சில ஆண்டுகளாக எங்கள் வீட்டில் நடக்கிறது.

முதலில் வயிற்று உப்புசம். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, குழந்தைப் பருவம் கடந்ததும் நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதித்து வாயுவாகிறது. தயிரில் அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதியை உறை நுண்ணுயிரிகள் ஏற்கெனவே தின்றுவிடுகின்றன, எஞ்சியதைச் செரிக்கவும் அவை குடலில் உதவுகின்றன. நெய்யில் அது அறவே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆகவே இரண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்தி, தயிரையும் மோரையும் தொடர்ந்து பாருங்கள். உப்புசம் அடங்கிவிட்டால் தயிரை விடக் காரணமே இல்லை. பால் பட்டதும் தோலில் தடிப்பு, உதட்டில் வீக்கம், மூச்சிரைப்பு போன்றவை வருமானால் அது பால் புரதத்துக்கான ஒவ்வாமை. அந்த நிலையில் இந்தச் சோதனையெல்லாம் கூடாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும். சோயாவிலும் வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் உள்ளன என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. முழுப் பயற்றைச் சுண்டல் செய்து சாப்பிட்டால் அது நன்றாகவே தெரியும், சோயாப் பாலைத் திரித்துப் பனீர்போலச் செய்யும் டோஃபுவில் அவ்வளவு இராது.

கொழுப்பைப் பொறுத்தவரை, நீங்கள் எந்தப் பாக்கெட் வாங்குகிறீர்கள் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஆவின் ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் 6 சதவீதமும், பச்சையில் 4.5 சதவீதமும், நீலத்தில் 3 சதவீதமும் கொழுப்பு இருக்கிறது. பால் கொழுப்பில் பெரும்பகுதி, கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு. சோயாப் பானத்தில் இருப்பது ஏறத்தாழ 2 சதவீதம், அதுவும் பெரும்பாலும் நிறைவுறாதது. சோயாப் புரதமே கொலஸ்ட்ராலை இறக்கிவிடும் என்று ஒரு காலத்தில் மிகுந்த நம்பிக்கை இருந்தது. நாளுக்கு 25 கிராம் சோயாப் புரதம் இதயத்துக்கு நல்லது என்று பாக்கெட்டில் அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999ஆம் ஆண்டில் அனுமதித்தது. சான்றுகள் ஒருமித்து நிற்கவில்லை என்று கூறி, 2017ஆம் ஆண்டில் அதே நிர்வாகம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முன்மொழிந்தது. பலன் உண்டு, ஆனால் சிறியது என்பதே என் புரிதல். நாளுக்கு இரண்டு காபிக்கு மட்டும் பால் சேர்ப்பவர், மாலை நேர பஜ்ஜியையும் பேக்கரி பப்ஸையும் அப்படியே வைத்துக்கொண்டு பாலை மட்டும் மாற்றினால், இரத்தப் பரிசோதனை முடிவில் பெரிய வித்தியாசம் தெரியாது.

மாறும்போது எதை இழக்கிறோம் என்பதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. புரதத்தில் இழப்பு இல்லை. ஒரு தம்ளர் பாலில் இருக்கும் 6 அல்லது 7 கிராம் நல்ல சோயாப் பானத்திலும் கிடைக்கும். கால்சியம் அப்படியல்ல. 200 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் கால்சியம் இருக்க, தனியாகக் கால்சியம் சேர்க்கப்படாத சோயாப் பானத்தில் அதில் கால் பங்குகூட இராது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டில் நிர்ணயித்திருப்பதால், கால்சியம் சேர்த்த பானமா என்று பார்த்தே வாங்க வேண்டும். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும், ஆகவே ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். டோஃபு வாங்கும்போதும் அது கால்சியம் உப்பு சேர்த்துத் திரிக்கப்பட்டதா என்று உறையில் பாருங்கள். கேழ்வரகும் எள்ளும் வீட்டில் புழங்கினால் ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் வைட்டமின் பி12க்கு அப்படி ஈடே கிடையாது. முட்டையும் மீனும் தொடாத குடும்பத்துக்குப் பாலும் தயிரும்தான் ஏறக்குறைய அதன் ஒரே உணவு வழி. சோயாவில் அது இயற்கையாக இல்லை. நீங்கள் சைவ உணவினர் என்றால், முழுவதும் மாறுவதற்கு முன் இரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மாத்திரைக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உங்கள் கேள்வியிலுள்ள எதையும்விட இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

தைராய்டு மாத்திரை போடுபவர்கள் சோயாவைத் தொடவே கூடாது என்பது சரியல்ல. தைராய்டு மாத்திரையிலுள்ள லெவோதைராக்ஸின் என்னும் மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைச் சோயா தடுக்கிறது. கால்சியமும் அதையே செய்கிறது. எனவே காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டு, அரை மணி நேரத்தில் கால்சியம் சேர்த்த சோயாப் பானத்தில் காபி கலந்து குடிப்பதுதான் செய்யக்கூடாத காரியம். மூன்று நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். அதற்கு முன்பாகக் காபி இல்லாமல் முடியாது என்றால், இரவு சாப்பிட்டு நெடுநேரம் கழித்து மாத்திரை எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். சிலருக்கு அது பொருந்துகிறது. சோயாவை ஒரு நாள் நிறைய, மறுநாள் இல்லை என்று வைத்துக்கொள்ளாமல், நாள்தோறும் ஒரே அளவில் எடுத்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் என்னும் தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்தால் மாத்திரையின் அளவைச் சரிசெய்துகொள்ள முடியும்.

வீட்டு ஆண்கள் அஞ்ச வேண்டியதில்லை. சோயாவிலுள்ள ஐசோஃபிளேவோன்கள் என்னும் பொருட்கள் பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போன்ற அமைப்பு உடையவை என்பதிலிருந்து வந்த பயம் இது. ஆண்களிடம் நடந்த பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவில் மாற்றம் காணப்படவில்லை. மார்பு வீக்கம் கண்ட ஒருவரைப் பற்றி மருத்துவ இதழில் ஒரு பதிவு உண்டு. அவர் நாள்தோறும் குடித்தது ஏறத்தாழ 3 லிட்டர் சோயாப் பானம், நிறுத்தியதும் வீக்கமும் சரியாகிவிட்டது.

அடுக்களை விஷயத்துக்கு வருகிறேன், ஏனெனில் பெரும்பாலோர் பாதியில் கைவிடுவது இங்கேதான். கடைப் பானத்தின் விலை ஆவின் பாலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பலவற்றில் சர்க்கரையும் வெனிலா மணமும் சேர்த்திருப்பார்கள், அவை காபிக்கு ஆகாது. வீட்டில் செய்வதாக இருந்தால், இரவு ஊறவைத்த சோயாவைத் தோல் நீக்கி, பச்சைத் தண்ணீரில் அல்லாமல் கொதிநீர் ஊற்றி அரையுங்கள். அந்தப் பச்சைப் பயற்று வாடைக்குக் காரணமான நொதி, பயறு உடைபடும் கணத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது. சூடு அதை அடக்கிவிடும். வடிகட்டிய பாலைப் பெரிய பாத்திரத்தில் வையுங்கள். உண்மையில் கொதிப்பதற்கு முன்பே நுரை பொங்கி எழும், அதைக் கொதி என்று நினைத்து அடுப்பை அணைத்துவிடக்கூடாது. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருப்பதால், தீயைக் குறைத்து இருபது நிமிடமாவது காய்ச்ச வேண்டும். மிஞ்சும் சக்கையை அடை மாவில் சேர்த்துவிடுவோம்.

டிகாஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயாப் பானத்தைத் திரித்துவிடுவதுண்டு. பானத்தைத் தனியே மிதமாகச் சூடாக்கித் தம்ளரில் ஊற்றி, அதன்மேல் டிகாஷனைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பெரும்பாலும் திரியாது. பனீருக்குப் பதில் டோஃபுவைப் போடுவது எளிது, நீரை நன்றாகப் பிழிந்துவிட்டு வாணலியில் லேசாக வறுத்தால் குருமாவில் வித்தியாசமே தெரியாது. மீல் மேக்கரில் புரதம் பாதிக்குப் பாதி இருந்தாலும், அதைப் பாலுக்கு மாற்று என்று கொள்ள முடியாது, கறிக்குத்தான் சரி. சோயாத் தயிர் உறையத்தான் செய்கிறது. ஆனால் அதைப் பிசைந்து தயிர் சாதம் சாப்பிட எங்கள் வீட்டில் ஒருவரும் இசையவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.