மறதிநோய் உள்ள அம்மா குளிக்க வைக்கும்போது மட்டும் அடிக்கிறார்: பார்த்துக்கொள்ள வந்த பெண்ணுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

முதலில், தலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பாதத்தில் ஆரம்பித்து மெல்ல மேலே வரட்டும். தலைக்கு இன்னொரு நாள். தோளில் துண்டைப் போர்த்தி, அதன் மேலேயே வெதுவெதுப்பான நீரை ஊற்றலாம்.

அந்தப் பெண் பின்னாலிருந்து வந்து கையைப் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் காரணமாகப் படுகிறது. மறதிநோயில் பக்கவாட்டுப் பார்வை சுருங்குவது உண்டு. அம்மாவுக்கு யாரோ திடீரென்று பாய்ந்து பிடித்த மாதிரி இருக்கும். அது கோபமில்லை, பயம். இதை வாயால் சொன்னால் பதியாது. அந்தப் பெண்ணையே நாற்காலியில் உட்காரவைத்து, பின்னாலிருந்து கையைப் பிடித்துக் காட்டுங்கள். அப்புறம் முன்னால் வந்து, பேர் சொல்லி, உள்ளங்கையை நீட்டிக் காத்திருங்கள். வித்தியாசம் அவருக்கே புரியும். பாவம், அவரும் பயந்துதான் போயிருப்பார்.

நாலைந்து நாள் குறித்து வையுங்கள்: எந்த நேரம், எங்கே தொட்டபோது அம்மா அடித்தார் என்று. எப்போதும் ஒரே தோள் என்றால் அங்கே வலி இருக்கலாம். அம்மாவுக்கு அதைச் சொல்லத் தெரியாது.

ஆனால் இது ஓரிரு நாளில் திடீரென வந்த மாற்றம் என்றால் பயிற்சி அப்புறம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புது மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.