குறிக்கோள் எது, உரிமை எது? இலங்கை அரசியலமைப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தால் நாடாளுமன்றம் அரசியலமைப்பில் எதையும் மாற்றலாமா? (உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி)

முடியாது. ஒற்றையாட்சி, மக்களின் இறைமை, பௌத்தத்துக்கான முதன்மை இடம், சிந்தனைச் சுதந்திரம், சித்திரவதைத் தடை ஆகியவற்றைக் கூறும் உறுப்புரைகளை மாற்றுவதற்கு, சர்வசன வாக்கெடுப்பில் மக்களின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது 83ஆம் உறுப்புரை. சமத்துவத்தைக் கூறும் 12ஆம் உறுப்புரை அந்தப் பட்டியலில் இல்லை. என் பார்வையில் அது ஒரு குறையே.

போதிய உணவு, உடை, உறைவிடம் கிடைக்கச் செய்வது அரசின் குறிக்கோள் என்கிறார்கள். வெள்ளத்தில் வீடு இடிந்த நான் அதைக் காட்டி வழக்குத் தொடரலாமா? (வாழைச்சேனை)

அந்தக் குறிக்கோள் 27ஆம் உறுப்புரையில், அரச கொள்கைக்கான வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக உள்ளது. ஆனால் அந்நெறிகள் எவருக்கும் சட்ட உரிமை எதனையும் வழங்கவில்லை என்றும், அவற்றை நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்றுவிக்க இயலாது என்றும் 29ஆம் உறுப்புரை சொல்வதால், அதை மட்டும் நம்பி வழக்காட முடியாது. அதற்காக அவை வெறும் அலங்காரமல்ல. எப்பாவலவில் பொஸ்பேற்றுக் கனிமம் அகழும் திட்டத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட 2000ஆம் ஆண்டின் வழக்கில் உயர் நீதிமன்றம், சுற்றாடலைப் பேணும் நெறியைத் துணைக்கொண்டே அடிப்படை உரிமைகளுக்குப் பொருள் கண்டது.

உங்கள் விடயத்தில் வழி வேறு. அயல்வீட்டாருக்கு இழப்பீடு கிடைத்து, அதேயளவு சேதம் பதிவான உங்கள் பெயர் மட்டும் காரணமின்றி விடுபட்டிருந்தால், அது 12(1)ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமை சார்ந்த முறைப்பாடாகும். எனவே கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். தெரிவு எந்த அடிப்படையில் நடந்தது என்பதை, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

எனக்கு வந்த அரச கடிதம் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. என்ன செய்யலாம்? (அக்கரைப்பற்று)

1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. மறு ஆண்டின் 16ஆம் திருத்தம், வடக்கு, கிழக்கு மாகாணங்களில் பொதுப் பதிவேடுகளைத் தமிழில் பேண வேண்டுமென வகுத்தது. மொழி உரிமை மீறலுக்கும் அடிப்படை உரிமை மீறலைப் போலவே உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்றாலும், முதலில் தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுவதும், அரசகரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடுவதும் செலவில்லாத வழிகள். ஆனால் உயர் நீதிமன்றத்துக்கான காலவரையறை ஒரு மாதமே. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த மாதத்தில் சேராது. விசாரணை உண்மையில் நடந்ததைக் காட்டும் கடிதங்களும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.