விமான நிலையத்துக்குத் தனி விரைவு ரயில் தேவையா, சாதாரண மெட்ரோ போதாதா?

வேகத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் ஏமாந்துவிடுவோம். ஷாங்காய் விமான நிலையத்துக்கு ஓடும் காந்த மிதவை ரயிலைப் (காந்த விசையால் தண்டவாளத்தைத் தொடாமல் மிதந்து ஓடுவது) பாருங்கள். சுமார் 30 கிலோமீட்டரை ஏறக்குறைய எட்டு நிமிடத்தில் கடந்துவிடும். மணிக்கு 431 கிலோமீட்டர் வரை ஓடியிருக்கிறது. ஆனால் அது நிற்கும் லாங்யாங் ரோடு நிலையம் நகர மையத்தில் இல்லை. அங்கே இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு போய் மெட்ரோ பிடிக்க வேண்டும். மிச்சமான நேரம் அங்கேயே கரைந்துவிடும்.

லண்டனில் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் என்ற விரைவு ரயில் பதினைந்து நிமிடத்தில் நகரின் பாடிங்டன் ரயில் நிலையத்தில் விட்டுவிடும். சரி, வேலை அங்கேயே இருந்தால் நல்லதுதான். இல்லையென்றால் 1977-லிருந்தே ஹீத்ரோ வரை ஓடும் பிக்கடில்லி மெட்ரோ மெதுவாகப் போனாலும், வழியில் பல இடங்களில் இறக்கிவிடும், கட்டணமும் குறைவு. விமான நிலைய ஊழியர்களுக்கும் அதுதான் தோது. அவர்கள் தினமும் போய்வருபவர்கள். திட்டம் போடுகிறவர்கள் அவர்களை மறந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய குறை.

தனிப் பாதைக்கு நியாயமான காரணம் என்றால், ஹாங்காங்கில் இருப்பது போன்ற வசதியைச் சொல்வேன். நகர ரயில் நிலையத்திலேயே பெட்டியை ஒப்படைத்து, போர்டிங் பாஸும் வாங்கிக்கொண்டு, கைவீசிப் போகலாம்.