சாம்பார்ல இருக்கற புரோட்டீன் யாருக்கு பத்தும்? – வாசகர் கேள்விகள்

இந்த தடவை கேள்வி நிறைய வந்திருக்கு, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்துட்டேன். வயசு, எடை, ரிப்போர்ட் எதுவுமே போடாம "நான் என்ன சாப்பிடணும்"னு ஒத்தை வரியில கேட்டவங்களுக்கு பதில் இல்ல, கோச்சுக்காதீங்க.

அரிசியை அடியோட விட்டேன், ஒரே வாரத்துல 3 கிலோ குறைஞ்சுது. ரெண்டாவது வாரம் ஒண்ணுமே குறையல. ஏன்?

போனதுல முக்கால்வாசி தண்ணி. லிவர்லயும் மசில்லயும் சேர்த்து சுமாரா அரை கிலோ கிளைக்கோஜன் (உடம்பு சேமிச்சு வெச்சிருக்கற மாவுச்சத்து) இருக்கும், அது ஒவ்வொரு கிராமும் கூட 3 கிராம் தண்ணியை பிடிச்சு வெச்சிருக்கும், மாவுச்சத்தை நிறுத்தினா கிளைக்கோஜன் செலவாகி தண்ணி பாத்ரூம்ல போயிடும். ஒரு கல்யாண சாப்பாடு சாப்பிட்டு பாருங்க, பாதி திரும்ப வந்துடும். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமாரா 7,500 கலோரி குறையணும், 3 கிலோன்னா 22,000க்கு மேல. வாரம் முழுக்க பட்டினி கிடந்தாலும் சாதாரண ஆளுக்கு அவ்ளோ செலவாகாது. இன்னொண்ணு, சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம இப்படி திடீர்னு அரிசியை நிறுத்தாதீங்க, லோ சுகர் ஆகி மயங்கி விழலாம்.

கரையற கொழுப்பு எங்க போகுது? வேர்வையிலயா?

மூச்சுல. 10 கிலோ கொழுப்பு எரிஞ்சா எட்டரை கிலோ கிட்ட கார்பன் டை ஆக்சைடா வெளிய போயிடும், மீதி தண்ணி. அதனால வயித்துல பெல்ட் கட்டிக்கிட்டு வேர்க்க வைக்கறதுல பிரயோஜனம் இல்ல.

35 வயசு தாண்டினா மெட்டபாலிசம் படுத்துடும்னு ஜிம்ல சொல்றாங்களே?

மெட்டபாலிசம்னா உடம்பு கலோரி செலவழிக்கற வேகம், அது படுக்காது. 2021ல 6,400 பேருக்கு மேல, பச்சைக்குழந்தையில இருந்து 95 வயசு வரைக்கும் அளந்து பாத்தாங்க. உடம்பு அளவையும் மசிலையும் கணக்குல எடுத்துக்கிட்டா 20ல இருந்து 60 வரைக்கும் செலவு கிட்டத்தட்ட ஒரே மட்டம்தான், அதுக்கப்புறம்தான் மெதுவா இறங்குது. 35ல மாறுனது உங்க நாற்காலி நேரமும் மசிலும்.

நாங்க சுத்த சைவம். தினமும் சாம்பார், ரசம், தயிர்னு நல்லாத்தான் சாப்பிடறோம். செக்கப்ல எனக்கு புரோட்டீன் பத்தலன்னு சொல்றாங்க. அதான் தினமும் பருப்பு சேர்க்கறோமே, பவுடர் விக்கறதுக்காக சொல்றாங்களா? எடை 60 கிலோ, வயசு 44. கிட்னி நார்மல். – கும்பகோணம் வாசகி

எடை, வயசு, கிட்னி எல்லாம் போட்டு கேட்டதுக்கே உங்களுக்கு தனி நன்றி. ஆனா இந்த "தினமும் பருப்பு சேர்க்கறோமே"வை எத்தனை வருஷமா கேக்கறேன்! வாங்க, அளந்து பாப்போம்.

ஹைதராபாத் என்ஐஎன் (தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்) சொல்றது உடம்பு எடையில கிலோவுக்கு தினமும் 0.83 கிராம் புரோட்டீன், அரிசியே பிரதானமா இருக்கற சாப்பாட்டுக்கு ஒரு கிராம்னு வெச்சுக்கறது நல்லது. உங்களுக்கு 50ல இருந்து 60 வரைக்கும் வேணும். நாலு பேர் இருக்கற வீட்டுல சாம்பாருக்கு எவ்ளோ துவரம்பருப்பு போடுவீங்க? அரை டம்ளர், தராசுல வெச்சா 100 கிராம். அதுல புரோட்டீன் 22. அதை நாலு பேரு ரெண்டு வேளைக்கு ஊத்திக்கறீங்க, அப்ப ஒரு வேளைக்கு ஒருத்தருக்கு 3 கிராம் கூட தேறல! இதுல மேலாப்புல இருக்கற தண்ணியை ஊத்திக்கறவருக்கு அதுவும் இல்ல, அடியில தங்குறது கடைசியா கரண்டி போடறவருக்கு போகும். இனி மீதி: நாள் முழுக்க 200 கிராம் அரிசின்னா 15, நாலு இட்லிக்கு ஒரு 8, ஒரு சின்ன கப் (100 கிராம்) தயிர் 3, காபில இருக்கற பாலுக்கு ஒரு 3. எல்லாத்தையும் கூட்டினா 35 பக்கம் நிக்குது. அதுலயும் பெரிய பங்கு அரிசியோடது, சாம்பாரோடது இல்ல.

அரிசியும் பருப்பும் நல்ல ஜோடிதான், அரிசியில குறையற லைசினை (புரோட்டீன்ல ஒரு முக்கியமான பகுதி) பருப்பு ஈடுகட்டும், அதுல சண்டையே இல்ல. சண்டை அளவுல. பருப்பை கூட்டா கெட்டியா வைங்க, சாயங்காலம் மிக்சருக்கு பதிலா சுண்டல் (50 கிராம் காய்ஞ்ச கொண்டைக்கடலைக்கு 10 கிராம் வந்துடும்), ஒரு கைப்பிடி நிலக்கடலைக்கு 6, 50 கிராம் பனீருக்கு 9. முடிஞ்சுது, ஆயிரக்கணக்குல குடுத்து டப்பா வாங்க வேண்டிய அவசியமே இல்ல. கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த அளவு) ஏறி இருக்கறவங்க மட்டும் இந்த கணக்கை தொடாதீங்க, உங்க அளவை டாக்டர்தான் சொல்லணும்.

இதே கோவத்துல இன்னொண்ணையும் சொல்லிடறேன். ஆறு மாச குழந்தைக்கு "பருப்புத்தண்ணி" குடுக்கறது. வேகவெச்ச பருப்பை வடிச்சு, சத்து பூரா பெரியவங்க தட்டுக்கு போய், தெளிஞ்ச தண்ணி குழந்தைக்கு. சின்ன வயிறு தண்ணியிலயே ரொம்பிடும். பருப்பையே நல்லா மசிச்சு, ஒரு சொட்டு நெய் விட்டு, ஸ்பூனை சாய்ச்சா உடனே ஒழுகாத பதத்துல குடுங்கம்மா.

ஹீமோகுளோபின் 9. ரெண்டு மாசமா இரும்பு மாத்திரை போடறேன், ஏறவே இல்ல. காலைல காபியோட போடறேன்.

கேள்வியிலயே பதில் இருக்கு. காபி டீயோட போட்டா உடம்புல சேர்றதுல பாதிக்கு பாதி அடிபடும். முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரமாவது காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவும் வேண்டாம். எலுமிச்சம்பழ ஜூஸோட போடுங்க. மலம் கறுப்பா போனா பயப்படாதீங்க. இதெல்லாம் செஞ்சும் ஏறலன்னா மாதவிடாய்ல ரத்தம் அதிகமா போகுதா, வயித்துல எங்கயாவது கசியுதான்னு பாக்கணும், டாக்டரை பாருங்க.

சுகருக்கு நாட்டுச்சர்க்கரை நல்லதுதானே?

இல்ல. கருப்பட்டியும் இல்ல. அதுல இருக்கற இரும்பு, ஒரு ஸ்பூன் கணக்குக்கு ஒண்ணுமே இல்ல. இந்த கேள்வியை இனிமே அனுப்பாதீங்க.

சார் சுகர் 180, பயப்படணுமா?

எப்ப எடுத்த 180? வெறும் வயித்துலயா, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சா? மாத்திரை போடறவரா, புதுசா? வெறும் வயித்துல 180ன்னா கண்டிப்பா ஜாஸ்தி, சாப்பிட்ட பிறகு, அதுவும் ஏற்கனவே மாத்திரை போடறவருக்குன்னா வேற கதை. ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரை காட்டற ரத்த டெஸ்ட்) எடுத்துட்டு, அதையும் எழுதி திரும்ப கேளுங்க. அதுவரைக்கும் மாத்திரையை நீங்களா கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்.

பத்து வருஷமா சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. பாதம் எரியுது, சுகராலதான்னு விட்டுட்டேன்.

விடாதீங்க. சுகராலயும் இருக்கலாம், ஆனா மெட்ஃபார்மின் ரொம்ப வருஷம் போட்டா வைட்டமின் பி12 குறையலாம், சைவம்னா இன்னும் சீக்கிரம். ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சுடும். அதுக்காக மெட்ஃபார்மினை நிறுத்திடாதீங்க!

காலைல வெந்நீர்ல தேனும் எலுமிச்சையும் கலந்து குடிச்சா கொழுப்பு கரையுமா?

ஒரு பெரிய ஸ்பூன் தேன்ல 60 கலோரி ஏறும். கரையாது.