கடலடி மண்சரிவும் சுனாமியும்: வாசகர் கேள்விகள்

நிலம் அதிராமலே சுனாமி வருமா? (மாணவி, புதுக்குடியிருப்பு)

வரும். மாரியில் வாய்க்கால் கரை இடிந்து பொத்தென்று தண்ணீரில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கலங்கல் அடியில் ஓட, மேலே ஓர் அலை எதிர்க்கரையில் போய் ஏறும். கண்டச்சரிவில், அதாவது கரையோர ஆழமற்ற கடல் முடிந்து ஆழ்கடலுக்கு இறங்கும் சாய்வில், காலகாலமாகப் படிந்த சேறும் அப்படித்தான் நழுவும். நடுக்கமே இல்லாமலும் நழுவலாம், சிறு நடுக்கமும் அதற்குப் போதும். நோர்வேக்கு அப்பால் சுமார் 8,200 ஆண்டுகளுக்கு முன் ஸ்டொரெக்கா என்ற கடலடிச் சரிவில் நழுவியது ஏறத்தாழ 3,000 கன கிலோமீற்றர் மண்.

2004இல் முல்லைத்தீவை அழித்ததும் சரிவுதானா? (அளம்பில்)

இல்லை. சுமாத்திராப் பக்கம் 1,300 கி.மீ. நீளத்துக்குக் கடலடிப் பிளவு நழுவியது.

கடல் வத்தினால் ஓடுவோம், அதுவரை பயம் எதற்கு ஐயா? (வட்டுவாகல்)

இதை எத்தனை தரம் எழுதுவது? 2004இல் முதலில் வற்றியது தாய்லாந்துப் பக்கம். எங்கள் பக்கம் முதலில் ஏறியது, பிறகுதான் வற்றியது. வற்றிய இடத்தில் மீன் பொறுக்கப் போனவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. சரிவிலும் இதே கதை. மண் ஓடும் திசையில் ஏற்றம் முந்தும், பின்பக்கம் வற்றும். நீங்கள் எந்தப் பக்கம் என்பது கரையில் நின்றால் தெரியாது. சைரனையும் நம்பி இருக்காதீர்கள். 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவின் அனக் கிரக்கட்டோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்தது. அங்கிருந்த எச்சரிக்கை ஏற்பாடு நிலநடுக்கத்தை வைத்தே இயங்கியது, அதனால் முன்கூட்டி எச்சரிக்கவில்லை; 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். 1998இல் பப்புவா நியூகினியில் நிலநடுக்கத்தின் அளவு வெறும் 7. சரிவு எழுப்பிய அலை 10 மீற்றரைத் தாண்டியது, 2,000 உயிருக்கு மேல். நிலம் ஆடினாலும், கடல் ஏறினாலும், வற்றினாலும், இரைச்சல் மாறினாலும், எது முந்தினாலும் உடனே உள்ளே மேட்டுக்குப் போங்கள். வட்டுவாகல் பாலத்தில் நின்று பார்க்காதீர்கள். அங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல் களப்பு.

எங்கள் வீட்டுக்கு ஆபத்தா? (ஊர் எழுதவில்லை)

ஊரும் இல்லை, கரையிலிருந்து எத்தனை மீற்றர் என்பதும் இல்லை, நில உயரமும் இல்லை. எதை வைத்துச் சொல்வது? அளந்து எழுதுங்கள்.

இரணைமடுக் குளத்தில் இப்படி நடக்குமா? (கிளிநொச்சி)

1958இல் அலாஸ்காவின் லித்துயா குடாவில் மலைப்பாறை விழுந்து தண்ணீர் 524 மீற்றர் உயரம்வரை ஏறியது. இரணைமடுவுக்கு மேல் அப்படி மலை இல்லை.

படகில் நிற்கும்போது அறிவித்தால்? (கொக்கிளாய்)

கரைக்கு ஓடி வராதீர்கள், ஆழத்துக்குப் போங்கள். அங்கே அலை வந்ததே தெரியாது. அப்புறம், முதல் அலையோடு முடிந்தது என்று கரைக்குத் திரும்பிவிடவும் வேண்டாம், அலைகள் மணிக்கணக்கில் வந்துகொண்டிருக்கும்.